சர்ச்சும் ஸ்பெயினும் போக, பிலிப்பைன்ஸுக்கென்று என்ன இருக்கிறது?

லகுனாக்காரன்

வணக்கம் நண்பர்களே. மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்தில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் ஆரணியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல் தடவை. ஆசையாக இன்ட்ராமுரோஸ் கோட்டைக்கு அழைத்துப் போனேன். மதில், குதிரை வண்டி, 400 வருடத்துக்கு மேல் பழைய சான் அகுஸ்தின் தேவாலயம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். திரும்பி வரும்போது காரில் கேட்டார்: "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது. பேரு ஸ்பெயின் பேரு, சாமி ஸ்பெயின் சாமி. இவங்களுக்குன்னு சொந்தமா என்னடா இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் பேரன், ஆறு வயது இருக்கும், ஓடி வந்து சித்தப்பாவின் வலது கையைப் பிடித்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "மானோ போ." பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை இது. சித்தப்பா ஒரு நொடி திகைத்தார். அப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இன்னொரு கையை அவன் தலையில் வைத்து "நல்லா இரு சாமி" என்றார்.

அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இந்த நாட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் பங்குக்குச் சொல்லுங்கள். நானும் பார்த்ததை எழுதுகிறேன்.

குறுக்குச்சால்

உங்கள் சித்தப்பா சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்றே நினைக்கிறேன். 1565இல் ஸ்பெயின் தளபதி லெகாஸ்பி வந்ததிலிருந்து 1898 வரை 333 வருடம் ஸ்பெயின். அடுத்து 1946 வரை அமெரிக்கா, நடுவே ஜப்பான். இவ்வளவு நீண்ட ஆட்சி இந்தியாவில்கூட ஐரோப்பியருக்குக் கிடைத்தது கோவா போன்ற சில இடங்களில்தான். நாட்டின் பெயரே ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் பெயர்.

குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1849இல் கவர்னர் கிளாவேரியா ஓர் ஆணை போட்டார். அகரவரிசைப்படி குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். வரி வசூலுக்கும் ஆள் கணக்குக்கும் வசதியாக இருக்கும் என்று. அதனால் சில ஊர்களில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரே எழுத்தில் பெயர் தொடங்கும். தாத்தா பெயரையே கிளார்க் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கொடுத்த இடத்தில் "சொந்தம்" எதைச் சொல்வது? சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ரியாத் செவிலி

நான் பதினொரு வருடமாகப் பிலிப்பைன்ஸ் பெண்களோடு ஒரே வார்டில் வேலை பார்க்கிறேன். புத்தக வரலாறு எனக்குத் தெரியாது. பேச்சு தெரியும்.

அவர்கள் பேச்சில் "போ" என்று ஒரு துண்டு வரும். பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் எங்காவது அதைச் செருகியே ஆக வேண்டும். "ஆமாம்" என்பதற்கு "ஓ-ஓ" என்றால் தோழியிடம் சொல்வது. "ஓபோ" என்றால் அம்மாவிடம் சொல்வது. நம் "ங்க" மாதிரியேதான். "வாங்க", "இல்லீங்க" என்று எங்கள் கோவைப் பக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டு, உடன் வேலை செய்யும் ஒருத்தி "இது எங்கள் போ" என்று கண்டுபிடித்துச் சிரித்தாள்.

முறைப்பெயரும் அப்படியே. மூத்தவளை "ஆத்தே" என்பார்கள், மூத்தவனை "கூயா" என்பார்கள். கடைக்காரர், டிரைவர், முன்பின் தெரியாதவர், எல்லோரும் கூயாதான். இந்தச் சொற்கள் சீனத்து ஹொக்கியன் மொழியிலிருந்து போனவை என்று அவர்களே சொன்னார்கள். அக்காவை அழைக்கச் சீனச் சொல், ஆசி கேட்கும்போது "கை" என்பதற்கு ஸ்பானியச் சொல் "மானோ", கூடவே தங்கள் "போ". வீட்டுக்குள் நடக்கும் மரியாதை மட்டும் முழுக்க அவர்களுடையது. எங்கள் வார்டில் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் வாரம் சோறு கட்டிக் கொண்டுவருவது யாரோ ஓர் ஆத்தேதான்.

பழந்தாள்

குறுக்குச்சால் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு செப்பேடு இருக்கிறது. அதுவும் இந்த இழையைத் தொடங்கிய நண்பரின் மாகாணத்திலிருந்தே.

1989இல் லகுனாவில் லும்பான் பக்கத்து ஆற்றில் மணல் அள்ளும்போது கருத்துப்போன ஒரு தகடு அகப்பட்டது. ஏறக்குறைய 20க்கு 30 சென்டிமீட்டர், பத்து வரி எழுத்து. பழம்பொருள் வியாபாரிகள் கைமாறி, மறுவருடம் தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கியது. எழுத்தைப் படித்தவர் அந்தோன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர். எழுத்து, ஜாவாவில் வழங்கிய "கவி" என்ற பழைய எழுத்து. மொழி பழைய மலாய். கூடவே சமஸ்கிருதம், பழைய ஜாவா மொழிச் சொற்கள், மணிலாப் பக்கத்து மொழியான தகலோகின் மூத்த வடிவம் என்று சொல்லத்தக்க சொற்கள்.

தொடக்கமே நமக்குப் பழகிய நடை: ஸ்வஸ்தி, சக வருடம் 822, வைசாக மாதம், கிருஷ்ண பட்சம், சதுர்த்தி, சோமவாரம். கணக்குப் போட்டால் கி.பி. 900 ஏப்ரல் 21, திங்கட்கிழமை. நம் ஊரில் முதலாம் ஆதித்த சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். மகெல்லன் பிலிப்பைன்ஸில் கால் வைக்க இன்னும் 621 வருடம் இருக்கிறது.

விஷயம் என்ன தெரியுமா? ராஜாவின் வெற்றியோ கோயில் தானமோ எதுவும் இல்லை. ஒரு கடன் விடுதலைப் பத்திரம். நம்வரன் என்பவர் ஒரு காட்டி, எட்டு சுவர்ணம் (அந்தக் கால எடைகள்) தங்கம் கடன்பட்டிருந்தார். இன்றைய எடையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கடன் முழுவதும் தீர்ந்தது, அவர் பிள்ளைகளும் வழிவந்தோரும் இனி யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று சாட்சிகளோடு எழுதி, மகள் அங்கதான், அவள் உடன்பிறப்பு புகா ஆகியோரிடம் கொடுத்திருக்கிறார்கள். தகட்டில் வரும் ஊர்ப்பெயர் "துண்டுன்" இன்றைய மணிலாவின் தொண்டோ என்று பலர் கொள்கிறார்கள்.

ஒரு மகள் அப்பாவின் கடன் சீட்டைக் கையில் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நாளை எவனாவது வந்து "உன் அப்பன் எனக்குத் தர வேண்டும்" என்றால் காட்டுவதற்கு. நாட்டின் மிகப் பழைய எழுத்து ஆவணம் இது. சட்டம், சாட்சி, தேதி, எடை, அதிகாரிகளின் படிநிலை, எல்லாம் அந்தப் பத்து வரிக்குள் இருக்கிறது. ஸ்பெயின் வருவதற்கு முன் இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் மணிலா மானுடவியல் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

கடாரம்

அப்படியானால் இதுவும் சோழர் பரப்பிய நாகரிகம்தானே? செபு தீவை ஆண்ட முதல் ராஜாவே சோழ இளவரசன் என்று படித்திருக்கிறேன். ஸ்ரீ லுமாய் என்று பெயர். நம் ஆட்கள் இதை ஏன் பெருமையாகச் சொல்வதில்லை?

பழந்தாள்

நண்பரே, உங்கள் ஆர்வம் புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஸ்ரீ லுமாய் கதை வாய்வழி வந்ததாகச் சொல்லி 20ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்டது. அதை வரலாற்று ஆதாரமாக ஏற்க ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். 1521இல் மகெல்லனோடு வந்து எல்லாவற்றையும் குறித்து வைத்த பிகாபெத்தா, செபுவில் ஹுமாபோன் என்ற அரசனைப் பார்த்ததாக எழுதுகிறார். சோழப் பேச்சே அங்கே இல்லை.

செப்பேட்டுக்கும் சோழருக்கும் சம்பந்தம் இல்லை. 900இல் சோழர் கடல் கடக்கவே தொடங்கவில்லை. ராஜேந்திரன் படையெடுப்பு 1025. இந்த எழுத்தும் காலக்கணக்கும் ஜாவா, சுமத்திரா வழியாக, வியாபாரிகளும் ஓலை எழுதுவோரும் கொண்டு போனது. கவி எழுத்தின் வேர் பல்லவ எழுத்து வரை போகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டி வழி நகையைப் பேத்தி உருக்கி வேறு நகை செய்து போட்டிருந்தால், அது பேத்தியின் நகை. 1917இல் மிண்டனாவோவில் அகுசான் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு மனோபோ பழங்குடிப் பெண்ணுக்குக் கிடைத்த தங்கத் தாரை (பௌத்தப் பெண் தெய்வம்) சிலையும் இப்படித்தான். கிட்டத்தட்ட 1.8 கிலோ, 21 காரட். இப்போது சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் நம் பஞ்சலோகச் சிலைகளின் உறவு தெரியும், கூடவே அது நம்முடையதில்லை என்பதும் தெரியும். இந்த நாட்டு மக்களின் பெருமையை ஸ்பெயினிடமிருந்து மீட்டு நம் கணக்கில் எழுதிக்கொள்வது சரியாக இருக்காது.

கடாரம்

சரி, ஏற்றுக்கொள்கிறேன். 1025ஐ மறந்துவிட்டுப் பேசிவிட்டேன். நன்றி.

எழுத்தாணி

எழுத்து என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஸ்பெயின்காரர்கள் வந்தபோது தகலோக் மக்கள் பைபாயின் என்ற எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று உயிர், பதினான்கு மெய், ஆக 17 எழுத்து. மெய்யெழுத்தில் அகரம் ஏற்கனவே சேர்ந்திருக்கும். மேலே ஒரு சிறு கோடு போட்டால் இகரம் அல்லது எகரம், கீழே போட்டால் உகரம் அல்லது ஒகரம். அந்தக் குறிக்குக் குட்லித் என்று பெயர். 1604இல் பெத்ரோ சிரினோ என்ற இயேசு சபைப் பாதிரியார், எழுதப் படிக்கத் தெரியாத ஆணோ பெண்ணோ இங்கே அரிது என்று எழுதினார்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: பைபாயினில் புள்ளி கிடையாது. அசையின் கடைசி மெய்யை எழுதவே மாட்டார்கள். மலைக்கு "புந்தோக்" என்பார்கள், எழுதும்போது "பு-தோ" மட்டும் இருக்கும். படிப்பவர் இடம் பார்த்து நிரப்பிக்கொள்வார். நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள், படித்தவர்கள் தடுமாறவா செய்தார்கள்? பாதிரிமாருக்கு இது தலைவலி. 1621இல் வந்த இலோகானோ மொழி ஞானோபதேச நூலில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார், மெய்யின் அடியில் ஒரு சிலுவைக் குறி போட்டு உயிரை நீக்கினார். நம் புள்ளி செய்கிற அதே வேலை. ஆனால் மக்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொன்று. மணிலாவில் 1593இல் அச்சான ஞானோபதேச நூலில் பைபாயின் எழுத்து அச்சாகியிருக்கிறது. நம் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது 1578. பதினைந்து வருட இடைவெளியில் இரண்டு ஆசிய எழுத்துகள், ஒரே காரணத்துக்காக அச்சேறின. நம் எழுத்து தொடர்ந்தது. தகலோக் சமவெளியில் பைபாயின் அடுத்த நூறு, நூற்றைம்பது வருடத்தில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழந்தாள்

முழுக்கப் போகவில்லை, எழுத்தாணி. மிண்டோரோ தீவின் ஹனுனூ மங்யான், புஹித் மக்களிடமும் பலாவான் தீவின் தக்பன்வா மக்களிடமும் அதன் உறவு எழுத்துகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 1999இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். மங்யான்கள் கத்தி முனையால் மூங்கிலில் கீறி எழுதுவார்கள். எழுதுவது பெரும்பாலும் அம்பாஹான் என்ற பாட்டு. ஓர் அடிக்கு ஏழு அசை, அடி முடிவில் இயைபு. காதலைச் சொல்ல, குழந்தையைக் கண்டிக்க, வந்தவருக்கு விடை கொடுக்க, எல்லாவற்றுக்கும் அம்பாஹான் உண்டு. நேரடியாகச் சொல்லாமல் பறவை, மரம், ஆறு என்று வைத்துச் சொல்வார்கள். குறுந்தொகை படித்தவருக்கு உடனே பிடித்துப்போகும்.

மேலே செப்பேட்டைப் படித்தவர் என்று சொன்னேனே, போஸ்ட்மா, அவர்தான் இந்தப் பாட்டுகளையும் திரட்டியவர். பாதிரியாராக மிண்டோரோவுக்குப் போனவர், மங்யான் பெண்ணைத் திருமணம் செய்து அந்த மலையிலேயே வாழ்ந்து 2016இல் இறந்தார்.

நாற்றங்கால்

தஞ்சாவூர்க்காரன். அந்த மலை வயல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? இஃபுகாவ் படிக்கட்டு வயல் இரண்டாயிரம் வருடம் பழையது என்று பள்ளியில் படித்த ஞாபகம்.

பழந்தாள்

அந்த இரண்டாயிரம் வருடக் கணக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்லி பேயர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் போன்றவர்கள் உத்தேசமாகச் சொன்னது. ஸ்டீபன் அகபாடோ என்ற பிலிப்பினோ தொல்லியலாளர் குழு மண்ணைத் தோண்டிக் காலம் பார்த்து, அங்கே நெல் வயல் பெரிய அளவில் பரவியது சுமார் 400 வருடத்துக்குள் என்கிறது. அதற்கு முன் சேப்பங்கிழங்குதான் அதிகம். ஸ்பெயின் படை சமவெளிப் பள்ளத்தாக்கில் ஏறி வந்தபோது மக்கள் மலைக்குள் பின்வாங்கி, ஒன்றுகூடி நெல் வயல் கட்டினார்கள் என்பது அவர் வாதம்.

வயது குறைந்துவிட்டதே என்று சிலருக்கு ஏமாற்றம். எனக்கு இது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பீரங்கி வைத்திருந்த பேரரசு மலைக்கு அடியில் நிற்கிறது. மேலே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் கையாலும் மரக்கருவியாலும் கல் அடுக்கித் தண்ணீரைத் திருப்பி வயல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயினால் அவர்களைக் கடைசி வரை முழுக்க அடக்க முடியவில்லை.

நாற்றங்கால்

இது போதும் எனக்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

லகுனாக்காரன்

இதை நான் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இஃபுகாவில் பதாத் என்ற ஊருக்குப் போனேன். வயல்களுக்கு மேலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காட்டுத்துண்டு இருக்கும், முயோங் என்று பெயர். அந்தக் காடுதான் மழையைப் பிடித்து வைத்துக் கசியவிடுகிறது. காடு போனால் வயல் போச்சு என்று நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர் சொன்னார். மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்குவதால், மேலே இருப்பவன் மடையை அடைத்தால் கீழே பத்துக் குடும்பம் காயும். அதனால் தண்ணீர்ச் சண்டைக்கு ஊர் வழக்கம் உண்டு. நெல் வருடத்துக்கு ஒரே போகம். அந்த நெல்லின் பெயரே தினவோன், வருடத்துக்கு ஒருமுறை என்று பொருள்.

களை எடுக்கும்போதும் அறுக்கும்போதும் பெண்கள் ஹுட்ஹுட் பாடுவார்கள். ஒருத்தி முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. அலிகுயோன் என்ற வீரனின் கதை அதில் புகழ்பெற்றது. முழுதாகப் பாடினால் நாள் கணக்கில் போகும். பெரிய மனிதர் இறந்தாலும் பாடுவார்கள். 2001இல் யுனெஸ்கோ அதைச் சிறப்பித்து அறிவித்தது. அதே 2001இல் வயல்களை அழியும் ஆபத்திலுள்ள இடமாகவும் பட்டியலில் போட்டார்கள்; 2012இல்தான் எடுத்தார்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், கரை இடிந்தால் கல் அடுக்க ஆள் இல்லை. நான் கண்ட வயல்களில் சிலவற்றில் புல்தான் இருந்தது.

நாற்றங்கால்

எங்கள் ஊரிலும் நடவுப் பாட்டு தெரிந்த கடைசி ஆயா போன வருடம் போய்ச் சேர்ந்தது. வேறென்ன சொல்ல.

குறுக்குச்சால்

படித்துக்கொண்டே இருக்கிறேன். நானும் தேடிப் பார்த்தேன், ஒன்று கிடைத்தது. இலோய்லோ மாகாணத்தில் மியாகாவ் தேவாலயம், 1797இல் முடிந்தது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள நான்கு பரோக் தேவாலயங்களில் ஒன்று. அதன் முகப்பில் குழந்தை இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் உடுத்தியிருப்பது உள்ளூர்க்காரனின் உடை. பிடித்துக்கொண்டிருப்பது தென்னை மரம். இரண்டு பக்கமும் பப்பாளியும் கொய்யாவும். செதுக்கிய கைகள் உள்ளூர்க் கைகள். பாதிரியார் கதையைச் சொன்னார், ஆறும் மரமும் ஆளும் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். நான் முதலில் எழுதியதை அப்படியே விட்டுவிடுகிறேன், ஆனால் அதே தொனியில் இன்று எழுத மாட்டேன்.

பறங்கிமலை

சென்னையிலிருந்து ஒரு செய்தி. 1762இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை கிளம்பியது நம் சென்னையிலிருந்துதான். டிரேப்பர் தரைப்படைக்கும், கார்னிஷ் கப்பல்களுக்கும் தலைமை. செப்டம்பர் கடைசியில் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் நுழைந்தபோது, போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு வந்து சேரவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் நகரம் விழுந்தது. சூறையாடினார்கள். உங்கள் சித்தப்பா பார்த்த சான் அகுஸ்தினும் தப்பவில்லை. கம்பெனி சார்பில் கவர்னராக உட்கார்ந்தவர் சென்னைக் கவுன்சிலைச் சேர்ந்த டாஸன் டிரேக். 1764இல் திரும்பிப் போனார்கள்.

போன படையில் கம்பெனிச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை, மணிலாவுக்குக் கிழக்கே கைந்தாவில் தங்கிவிட்டார்கள் என்று படித்தேன். லகுனாக்காரரே, உங்களுக்குப் பக்கம்தானே?

லகுனாக்காரன்

ஆமாம், அந்த ஊர்தான். பீபிங்காவுக்குப் பேர் போன ஊர். வாழை இலை விரித்த மண்சட்டியில் அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி, கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுடுவார்கள். நான் முதல் தடவை போனபோது கடை அக்கா என்னைப் பார்த்து "பும்பாய்?" என்றார். இந்தியர் எல்லோருக்கும் இங்கே அந்தப் பெயர்தான். தலையாட்டினேன். "எங்கள் தாத்தாவின் முன்னோரும் பும்பாய். சிப்பாய்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நம் ஊர்ச் சந்தையில் பார்த்த யாரையோ போல இருந்தது. பெயர், ஊர், மொழி எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் வீட்டில் தங்கியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து போனார்கள் என்பதால் எல்லோரும் தமிழர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனிப் படையில் தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எனப் பலர் இருந்தார்கள். தமிழரும் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இங்கே காரே-காரே என்று ஒரு குழம்பு. மாட்டு வாலை மணிக்கணக்கில் வேகவைத்து, வறுத்த வேர்க்கடலையை அரைத்துக் கலந்து, கத்திரிக்காய், நீளப்பயறு, வாழைப்பூ போட்டு, தொட்டுக்கொள்ள உப்பிட்ட இறால் விழுது. இந்தச் சிப்பாய்கள் தங்களுக்குப் பழகிய "கறி"யைக் கிடைத்த பொருளில் செய்து பார்த்ததில் பிறந்தது என்று கைந்தாவில் சொல்வார்கள். ஆதாரம் இல்லை, பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைத்திருக்கிறது.

மல்லாட்டை

இதற்காகவே கணக்குத் திறந்தேன். எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். நாங்கள் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டைதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்கப் பயிர், ஸ்பெயின் கப்பலில் மெக்சிகோ வழியே மணிலாவுக்குப் போய், அங்கிருந்து நமக்கு வந்ததால் அந்தப் பேர். அங்கே குழம்பில் நம் "கறி" இருக்கிறதோ இல்லையோ, இங்கே எங்கள் கொல்லையில் மணிலா இருக்கிறது.

ரியாத் செவிலி

இதை இன்றே வார்டில் சொல்லப் போகிறேன்!

லகுனாக்காரன்

மல்லாட்டை, இது எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

உணவு என்றதும் டிசம்பரைச் சொல்லாமல் முடியாது. டிசம்பர் 16இலிருந்து 24 வரை ஒன்பது நாள் சிம்பாங் காபி, விடியற்காலைப் பூசை. வயல் வேலைக்குப் போகிறவர்கள் முன்னால் வந்து போகட்டும் என்று விடிவதற்கு முன் வைத்தார்களாம். அந்த 16ஆம் தேதியை ஒட்டித்தான் நமக்கும் பெரும்பாலும் மார்கழி பிறக்கும். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, தேதி அப்படி விழுகிறது. ஆனால் நாலு மணிக்கு இருட்டில் ஸ்வெட்டர் போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற பாட்டிகளைப் பார்க்கும்போது, வாசலில் கோலம் போட்டிருக்கிறதா என்று கால் தானாகத் தயங்குகிறது.

பூசை முடிந்து வெளியே வந்தால் புத்தோ பும்போங். ஊதா நிறக் கருப்பரிசி மாவை மூங்கில் குழாயில் நிரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் குழாயை வாழை இலைமேல் தட்டினால் ஊதாக் குச்சியாக வந்து விழும். மேலே துருவின தேங்காய், நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய். பும்போங் என்றால் மூங்கில் குழாய். "புத்தோ" மலாய் வழியே வந்த நம் புட்டுதான் என்பது பரவலான கருத்து. ஆனால் வெண்ணெயும், ஊதா நிறமும், தேவாலய வாசலும், அந்தக் குளிரும் அவர்களுடையவை.

மே 15இல் லுக்பான் ஊரின் பாஹியாஸ் திருவிழாவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உழவர்களின் காவலர் புனித இசிதோருக்கு நன்றி சொல்ல வீட்டு முகப்பு முழுவதும் நெற்கதிர், காய்கறி, கிபிங். கிபிங் என்பது நம் இலை வடாம் மாதிரி. அரிசி மாவை இலையில் தடவி, அவித்து, உரித்து, அழுத்திக் காயவைப்பார்கள். இலையின் நரம்பு அப்படியே பதிந்திருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயம் ஏற்றி நூற்றுக்கணக்கில் கோத்து விளக்குக் கொத்துபோல் தொங்கவிடுவார்கள். வெயில் அதன் ஊடாக விழும்போது சுவர் எல்லாம் நிறம்.

பறங்கிமலை

இவ்வளவும் சொன்னீர்கள், சித்தப்பாவிடம் என்ன சொன்னீர்கள்?

லகுனாக்காரன்

நேற்று இரவு போனில் பேசினேன். செப்பேடு, எழுத்து, மலை வயல் எல்லாம் சொன்னேன். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். பினா துணியைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார், குரலிலேயே தெரிந்தது.

அன்னாசியும் ஸ்பெயின் கொண்டுவந்த செடிதான். ஆனால் அந்தச் செடியின் இலையிலிருந்து நூல் எடுத்து, உடுத்துகிற துணியாக நெய்து பேர் வாங்கியது பிலிப்பைன்ஸ்காரர்கள். அக்லான் மாகாணத்துக் கலிபோ ஊரில் இன்றும் கைத்தறியில் நெய்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. இலையை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுவார்கள். மேல் நார் முரடு. அதை எடுத்த பிறகு உள்ளே தலைமுடியை விட மெல்லிய நார் வரும், அதைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி எடுப்பார்கள். கழுவி, காயவைத்து, ஒவ்வொரு நாராகக் கையால் முடிச்சுப் போட்டு நீள இழையாக்க வேண்டும். அந்தத் துணி செப்பேடு கிடைத்த அதே லும்பானுக்கு வரும். அங்கே பெண்கள் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பூவேலை செய்து பாரோங் என்ற விசேஷச் சட்டையாக்குவார்கள். நான் போன வீட்டில் மூன்று பெண்கள் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணி தெரியவே இல்லை, காற்றில் தைக்கிற மாதிரி இருந்தது.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பாவும் அதே நாரா, ஊடை மட்டுமா?" தெரியாது என்றேன். "முடிச்சு அவ்வளவு இருந்தா அச்சுல மாட்டுமேடா. மாட்டாம எப்படி இழுக்கிறாங்க? நாரு அறுந்தா எச்சில் தொட்டு முறுக்குறாங்களா, முடிதான் போடறாங்களா? கேட்டு வை."

டிசம்பரில் திரும்ப வருகிறாராம். கலிபோவுக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போனவர்கள், வெளியாட்களைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார விடுகிற நெசவு வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.